புக்கிட் பெலிம்பிங்கில் என் தாத்தாவுக்கு ஓர் இலை

எழில், பாரி, தீபாவளிக்கு அப்பா ஊரில் இல்லை என்று நீங்கள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்ததாக அம்மா போனில் சொன்னாள். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் நானும் ஒரு கோபத்தோடுதான் திரும்பி வந்திருக்கிறேன். அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று, கம்பிச்சுருள் கட்ட வந்த மோட்டார்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் எழில் திருத்திக்கொள்ளட்டும். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நான் மலேசியாவுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. என் தாத்தா கருப்பையா இளவயதில் அங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போனவர். அங்கேயே கல்யாணம், ஒரு மகன். பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் அவரை மட்டும் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி போகவும் அனுமதி இல்லை. ஏன் அனுப்பினார்கள் என்று சாகும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அறந்தாங்கிப் பக்கம் வந்து இரண்டாவதாக என் அப்பாயியைக் கட்டினார். உங்கள் தாத்தா பிறந்தார். அங்கே நின்றுபோன மூத்த குடும்பத்தின் பேரன்தான் மாணிக்கம் அண்ணன். கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கிறார். நம் தெருக்காரர் ஒருவர் அங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தபோது ஊர்ப்பேர் சொல்லிக் கண்டுபிடித்தது அந்த உறவு.

ஆடி அமாவாசைக்கு நாம் இலை போட்டுப் படைக்கும்போதெல்லாம் உங்கள் தாத்தா ஒரே பேச்சைத்தான் பேசுவார். "மூத்த தாரத்து வீட்டுல எல விழாம நாம மட்டும் போட்டா, எங்கப்பனுக்கு அரை வயிறுதான்டா." மலேசியாவில் நம் ஆட்கள் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் முன்னோருக்குப் படைக்கிறார்கள். இந்த வருஷம் கால் நடக்கவிடாமல் செய்ததும் அவர் பயந்துவிட்டார். "நீ போயி ஒரே ஒரு எல போட வை. வேற எதுவும் வேணாம்" என்றார். அதற்காகத்தான் போனேன்.

முதல் நாளே கோளாறு. கோலாலம்பூரில் பஸ் ஏறினேன். உள்ளே மார்கழி மாதத்துக் குளிர். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவோம். இங்கே ஜன்னல் திறக்காது, குளிரை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன். கண் விழித்தால் இரண்டு பக்கமும் பச்சை நெல் வயல், வாய்க்கால், கொக்கு. ஒரு நிமிடம் பட்டுக்கோட்டை ரோட்டுக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்று நினைத்துவிட்டேன். இறங்க வேண்டிய கோலசிலாங்கூரைத் தாண்டி செகிஞ்சான் வந்திருந்தேன்.

கடைத்தெருவில் ஒரு சீன அம்மா என் பையையும் முகத்தையும் பார்த்துவிட்டு, பால் இல்லாத கறுப்புக் கோப்பி ஒன்றை முன்னால் வைத்தார். பக்கத்து மேசை மலாய்க்காரர் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்காக மாணிக்கம் அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்த தமிழ்த் தம்பி ஒருவன் அதை மொழிபெயர்த்தான்: "இந்தியாவுலருந்து நம்ம நெல்லப் பாக்க வந்திருக்காரு, அங்க நெல்லு தீந்துபோச்சு போலன்றாரு."

மாணிக்கம் அண்ணன் செம்பனை என்னும் பாமாயில் மரத்துக் குலை ஏற்றும் லோரியிலேயே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இறங்கவில்லை. கதவை மட்டும் திறந்துவிட்டார்.

"பிளேன் புடிச்சுக் கடல் தாண்டி சரியா வந்துட்ட. ஒரு பஸ்ல சரியா எறங்கத் தெரியலயா தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. வீடு வரை லோரியில் அவ்வளவுதான் பேச்சு.

சரசு அண்ணி நல்ல மாதிரி. "பசியாறிட்டீங்களா?" என்றுதான் அங்கே வரவேற்கிறார்கள், ஆறவில்லை என்று சொல்வதற்குள் தட்டு வந்துவிட்டது. மீன் குழம்பில் புளிக்குப் பதில் ஏதோ காய்ந்த துண்டுகளைப் போட்டிருந்தார்கள், அதுவும் புளிப்புத்தான். சம்பலில் இறால் விழுது வாடை. முதல் வாய்க்கு முகம் சுளித்தேன், மூன்றாவது வாய்க்குச் சோறு கேட்டேன். இரண்டாம் முறை சோறு விழுந்ததும், இதுதான் நேரம் என்று இலைப் பேச்சை எடுத்தேன்.

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த ஆளுக்கா?"

"நம்ம தாத்தாதானேண்ணே."

"ஒனக்குத் தாத்தா. எங்கப்பத்தாவ லயத்துலருந்து வெளிய தள்ளுனப்ப எங்கப்பாவுக்கு ஒம்பது வயசு. பாய், சட்டி, பானை எல்லாம் மழையில கெடந்துச்சு. ஏன் தள்ளுனாங்க தெரியுமா? இவரு வெள்ளக்காரன் சம்பளத்த வாங்கிக்கிட்டு காட்டுக்காரன் பக்கம் போனவரு. பக்கம் மாறி. அந்தப் பேரு எங்களுக்கு ஒட்டிக்கிச்சு. அவரு அங்க போயி புதுசா குடும்பம் வச்சிக்கிட்டாரு. நீ அந்தக் குடும்பம். ஒனக்குச் சோறு போடுவேன் லா தம்பி, எத்தன நாள் வேணும்னாலும் இரு. அவருக்கு இங்க எல கெடையாது."

லயம் என்றால் தோட்டத்தில் தொழிலாளிகள் வரிசையாக இருந்த வீடுகள். 'லா' என்பது அங்கே எல்லாப் பேச்சோடும் ஒட்டி வரும் வெறும் சொல். காட்டுக்காரர் யார் என்று பாரி கேட்பான். ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தபோது காட்டுக்குள் இருந்துகொண்டு அவனை எதிர்த்த படை. அப்போது வெள்ளைக்காரனுக்கு அவர்கள் கூட்டாளி, துப்பாக்கி கொடுத்தான். போர் முடிந்து கொஞ்ச காலத்தில் இரண்டு பேரும் எதிரி ஆகிவிட்டார்கள்.

நான் பதில் பேச வாயெடுத்தபோது அண்ணன் மகள் துர்கா டியூஷன் முடிந்து வந்தாள். பதினாறு வயது. அண்ணன் உடனே பேச்சை மாற்றி, அறந்தாங்கியில் மழை எப்படி என்று கேட்டார். வீட்டுப் பிள்ளைக்கே தெரியாமல் மூடி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. மழை நன்றாக இருக்கிறது என்றேன்.

மறுநாள் துர்காவும் பக்கத்து வீட்டுப் பிலோமினாவும் என்னைப் புக்கிட் மெலாவாத்தி குன்றுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. மேலே பழைய கோட்டை, பீரங்கிகள், ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம். வெள்ளிமுடிக் குரங்குகள் வந்து கையில் இருக்கும் பயற்றங்காயை மரியாதையாக வாங்கிக்கொள்கின்றன. நம் ஊர்க் கோயில் குரங்கு பையையே பிடுங்கும். இவை கையைத் தொட்டுக் கேட்கின்றன. அந்த ஒரு விஷயத்தில் மலேசியா உயர்ந்த நாடு.

பீரங்கிப் பக்கம் ஒரு வழிகாட்டி, கூட்டத்துக்கு மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். பிலோமினா எனக்குச் சொன்னாள்: "டச்சுக்காரங்க புடிச்சாங்களாம், சுல்தான் பக்கத்து ராஜா துணையோட திரும்பப் புடிச்சாராம், அப்பறம் ராஜா குடும்பத்துக்குள்ளயே ஈயத்துக்காக அடிச்சிக்கிட்டாங்களாம். இந்தக் குன்றுல எத்தன கொடி ஏறி எறங்குச்சுன்னு எண்றதவிட கொரங்க எண்றது ஈசின்றாரு."

கூட்டம் சிரித்தது. நான் மட்டும் கோபமாக விலகி வந்தேன். கொடி மாறிய ஒவ்வொரு தடவையும் குன்றுக்குக் கீழே இருந்தவன் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

"இதுக்கே கோவப்பட்டா எப்படி சித்தப்பா?" என்றாள் துர்கா. "வேர்ல்ட் வார்ல பாருங்க. ரஷ்யா மொதல்ல ஜெர்மனிகூட ஒப்பந்தம் போட்டான். அப்பறம் ஜெர்மனியே அவன அடிச்சான். இத்தாலி பாதியில கட்சி மாறி ஜெர்மனிக்கு எதிரா திரும்பிட்டான். சயாம்காரன் ஜப்பான்கூட சேந்து சண்டைக்கு வர்றேன்னு அறிவிச்சான். ஜப்பான் தோத்ததும், அந்த அறிவிப்பே செல்லாதுன்னுட்டான்."

"அவனுக்கு என்ன தண்டனை?"

"ஒன்னும் இல்ல. அது டிப்ளமசி."

"வெள்ளக்காரன் படையில இருந்த நம்ம சிப்பாய்ங்க? சிங்கப்பூர்ல கைதியாகி, ஜப்பான் பக்கம் நின்ன விடுதலைப் படையில சேந்தாங்களே?"

பிலோமினா முந்திக்கொண்டாள். "அவங்கள வெள்ளக்காரங்க துரோகின்னாங்க அங்கிள். இந்தியாவுல ஹீரோன்னாங்க."

உலகப்படத்தில் பகடை உருட்டி நாடு பிடிக்கும் விளையாட்டு ஒன்று பிலோமினா வீட்டில் இருக்கிறதாம். போன விடுமுறையில், கடைசி வரை கூட்டணி என்று துர்காவுக்குக் கை அடித்துக் கொடுத்துவிட்டு, அவள் படையை வேறு பக்கம் அனுப்பிய சமயம் பார்த்துப் பிலோமினா முதுகில் குத்திவிட்டாளாம். இரண்டு நாள் பேச்சு இல்லை.

"அதுதான் கேம், டீ. நம்புறதுதான் ஒன்னோட வீக்னஸ்."

"போடி, மானங்கெட்டவளே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள் துர்கா. பாருங்கள், விளையாட்டில் முதுகில் குத்தினால் இரண்டு நாளில் சிரித்துவிடலாம். பெட்டியை மூடினால் எல்லாப் பொம்மையும் உயிரோடு இருக்கிறது.

அந்தச் சண்டை ஆறிய பிறகுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு விளையாட்டுச் செய்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடத்துக்கு. மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் விரித்தார்கள். பெரிய மணிலா அட்டை. அதில் கோலசிலாங்கூரில் கடலில் விழும் ஆறு. மேலே கம்போங் குவாந்தான், அதற்கும் மேலே தோட்டங்கள், கடைசியில் உலு யாம் பக்கத்து மலைக்காடு. ஜப்பான் துர்கா. வெள்ளையர் பிலோமினா. காட்டுப் படை சரசு அண்ணி. படைகளுக்குப் பதில் கலர் கலராகச் சோடா மூடிகள்.

"நீங்க தோட்டம் சித்தப்பா" என்று என் முன்னால் ஐந்து சட்டைப் பொத்தான்களையும் ஒரு கைப்பிடி ரப்பர் கொட்டைகளையும் வைத்தாள் துர்கா. "பட்டன் ஆளுங்க. கொட்ட அரிசி. நீங்க நகர முடியாது, சண்ட போட முடியாது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"அரிசி கேட்டா குடுக்கலாம். குடுக்கலன்னா அடி வாங்கலாம்."

அண்ணன் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு இருந்தார். விளையாட்டில் சேரவில்லை.

முதலில் ஜப்பான் வந்தது. கேட்டாள், கொடுத்தேன். கொடுத்தும் இரண்டு பொத்தான்களைத் தூக்கிக்கொண்டாள். சயாமுக்கு ரயில் பாதை போடவாம். "கேட்டத குடுத்துட்டேனேம்மா!" என்றால், "ஜப்பான் அப்படித்தான் சித்தப்பா" என்றாள். பிறகு அண்ணி குரலை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "தம்பி, காட்டுல புள்ளைங்க பட்டினி கெடக்குது, கொஞ்சம் அரிசி குடுங்களேன்" என்றார். சிரித்துக்கொண்டே இரண்டு கொட்டைகளைக் காட்டுக் கட்டத்தில் வைத்தேன். அப்போது வெள்ளையரும் காட்டுப் படையும் கூட்டாளிகள். அதனால் பிலோமினா எனக்கு ஒரு காகித நட்சத்திரம் கொடுத்தாள். நன்றிக்கு அடையாளமாம். அதை என் தோட்டத்தில் நடுநாயகமாக வைத்தேன்.

ஜப்பான் தோற்றது. அடுத்து ஒரு மாறுதல் அட்டையை எடுத்துத் துர்கா படித்தாள்: "வெள்ளையரும் காட்டுப் படையும் இனி எதிரிகள்."

பிலோமினாவின் கை என் பக்கம் நீண்டது.

"ஒரு பட்டன் குடுங்க அங்கிள்."

"எதுக்கு?"

"எதிரிக்கு அரிசி குடுத்திருக்கீங்க. கொட்ட அங்கதானே இருக்கு."

"அது அப்ப குடுத்தது! நீதானே நட்சத்திரம் குடுத்த?"

"அது பழைய ரவுண்டு அங்கிள்."

விளையாட்டு என்பதே எனக்கு மறந்துபோயிற்று. எழுந்து நின்றுவிட்டேன். "என்னாம்மா அநியாயம்! நான் நகரவே இல்லையே! மொதல்லருந்து இதே கட்டத்துலதானே ஒக்காந்திருக்கேன்? ஒனக்கும் அவங்களுக்கும் ஆவாமப் போனதுக்கு என் ஆள எதுக்குப் புடிக்கிற? கட்சி மாறுனது நீயா நானா?"

"ரூல் அங்கிள்" என்றாள் அவள், பாவம், பயந்துபோய். பொத்தானை எடுத்து ஓரத்தில் வரைந்திருந்த ஒரு கட்டத்தில் வைத்தாள். "இது கப்பல். இந்தியாவுக்கு அனுப்பிருவோம். அவங்க ஃபேமிலி இங்கயே இருக்கும்."

பேப்பர் கீழே விழுந்தது. அண்ணன் வந்து நின்றார்.

"யாரு இத ஒனக்குச் சொன்னா?" மகளைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தியா? சாப்பாட்டப் போட்டு ஊட்டுல வச்சா, எம்மவகிட்டயே வேலயக் காட்டுறியா?"

"அண்ணே, சத்தியமா..."

"சித்தப்பா ஒன்னும் சொல்லலப்பா! டீச்சர் குடுத்த புக்குல இருந்துச்சு. அந்தக் காலத்துல இப்படி நெறைய பேர அனுப்பினாங்களாம்."

அண்ணன் அட்டையையே பார்த்தார்.

"நெறைய பேரா?"

"ஆமாப்பா. கேஸ் கூட இல்லாம."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்கவில்லை. அவ்வளவு நாளும் தன் குடும்பத்துக்கு மட்டும் நடந்த அசிங்கம் என்று நினைத்திருந்த மனிதர். பிறகு மகளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒன் பூட்டன் அந்தக் கப்பல்ல போனவருதான். ஜப்பான்காரன் காலத்துல காட்டுக்கு அரிசி கொண்டுபோயிக் குடுத்தாரு. வெள்ளக்காரன் திரும்பி வந்ததும் தொரை கூப்புட்டுக் கை குலுக்குனான், லயமே பாத்துச்சு. அப்பறம் அவனுங்களுக்குள்ள முட்டிக்கிச்சு. தோட்டத்தச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டான். ஊட்டுல அடுப்பு பத்த வைக்கக் கூடாது. ஒரே எடத்துல ஆக்கிப் போடுவான், அங்கயே ஒக்காந்து தின்னுட்டு வேலைக்குப் போகணும். ஒரு பருக்க சோறு கம்பியத் தாண்டக் கூடாது, காட்டுக்குப் போயிரும்னு."

"பூட்டன் தாண்டிட்டாரா?"

"பால் வாளி தொங்கவிடற கம்புல தூக்குச்சட்டியையும் மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு, கம்பி வாசல்ல புடிச்சுட்டாங்க. மரம் வெட்டி முடிச்சுட்டு மரநெரையில ஒக்காந்து திங்கற சோறு. வருஷக்கணக்கா அப்படித்தான் போனாரு, அன்னிக்கும் கை பாட்டுக்கு மாட்டிருச்சுன்னு எங்கப்பத்தா சாவுற வரைக்கும் சொல்லும். ஒருத்தரும் நம்பல. எங்கப்பா நம்பல. நான் நம்பல. ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணி மொத ஆளா நின்னு, இவன் பழைய காட்டு ஆளுன்னு சாட்சி சொன்னான். அந்தக் கிராணி யாரு? ஜப்பான்காரனுக்குக் குனிஞ்சு ஆள் புடிச்சுக் குடுத்தவன். வெள்ளக்காரன் வந்ததும் பழைய நாற்காலியில போயி ஒக்காந்துக்கிட்டான். அவன யாரும் பக்கம் மாறின்னு சொல்லல."

பிள்ளைகளே, நான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளும் மதியச் சோறு கொண்டு போனதில்லை. என் தாத்தா விடமாட்டார். வாசலில் நின்று பையைத் துழாவுவார். தூக்குச்சட்டி இருந்தால் எடுத்துவிடுவார். "உள்ள ஒக்காந்து தின்னுட்டுப் போ" என்பார். மற்றப் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் சாப்பிடும்போது நான் ஒரு மைல் ஓடி வந்து தின்றுவிட்டு ஓட வேண்டும். வயலுக்குக் கஞ்சி கொண்டு போன என் அப்பாயியைப் பாதி வழியில் மறித்துத் திட்டுவார். கிறுக்குப் பிடித்த கிழவன் என்றுதான் தெருவில் பேச்சு. எத்தனை நாள் அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்!

அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவர் குனிந்து, சோபாவுக்கு அடியில் உருண்டிருந்த ஒரு சோடா மூடியை எடுத்து அட்டையில் வைத்துவிட்டு, மழையிலேயே வெளியே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில், "ஏறு" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. லோரி கிழக்கே போனது. வழி முழுக்கச் செம்பனை. ஒரே உயரம், ஒரே வரிசை, முடியவே முடியாத பச்சை. நம் பக்கம் ஒரு வயலைப் பார்த்தால் யாருடையது என்று சொல்லிவிடலாம். அங்கே மரத்தைப் பார்த்து மனிதனைக் கண்டுபிடிக்க முடியாது. உலு யாமுக்கு முன்னால் லோரி சூடாகிப் புகை விட்டது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்துச் சீனக் கடையில் தடித்த மீ, நம் நூடுல்ஸ் மாதிரி, வாங்கிக் கொடுத்தார். கறுத்த கொழகொழப்பான சாறு. கடைக்காரர் அண்ணனிடம் மலாயில், "உன் லோரிக்கு உன்னைவிட வயசு அதிகம், அதற்கு முதலில் ஓய்வு கொடு" என்றார். அண்ணன், "கடன்காரனுக்கு ஏது ஓய்வு?" என்றார். அதுதான் நான் பார்த்த அவருடைய முதல் சிரிப்பு.

தாத்தா வேலை பார்த்த தோட்டம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடையும் ஒரு வரிசை வீடுகளும். பின்னால் மலைக்காடு அப்படியே நிற்கிறது. லயமும் இல்லை, கம்பி வேலியும் இல்லை. ஒருத்தன் சினிமாப் பாட்டுப் போட்டுக்கொண்டு கார் கழுவிக்கொண்டிருந்தான். யார்மேல் கோபப்படுவது? எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கை குலுக்கிய துரை பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமையில் செத்திருப்பான். கிராணிக்குத் தோட்டத்துச் செலவில் மாலை போட்டிருப்பார்கள். நாடுகள் கூட்டணி மாறியது புத்தகத்தில் வந்துவிட்டது, படித்துப் பாஸ் பண்ணலாம். தூக்குச்சட்டியோடு நின்ற ஆளுக்கு மட்டும் எழுபது வருஷமாகப் பக்கம் மாறி என்று பேர். அதைச் சொன்னவர்களும் அவர் சொந்த ரத்தம். இந்த அநியாயத்தைச் செய்தவர்கள் அதற்குப் பிறகு ஒரு வேலையும் செய்ய வேண்டியிருக்கவில்லை; மிச்சத்தை நாமே பார்த்துக்கொண்டோம்.

திரும்பும் வழியில் அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்க... அவரு எங்கப்பா பேர எப்பவாச்சும் சொல்லியிருக்காரா?"

சொல்லியிருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இலை விழுந்துவிடும். உங்கள் தாத்தா முகம் கண் முன்னால் வந்தது. வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்திடம் எத்தனை பேர்தான் வசதிக்குப் பேசுவது?

"என் காதுல விழுந்ததில்லண்ணே. இந்த ஊரப் பத்தியே பேசமாட்டாரு."

அவர் கியர் மாற்றிவிட்டு, "ஆமான்னு சொல்லியிருந்தா இங்கயே எறக்கி விட்டுருப்பேன்" என்றார். "பஸ்ல போயி மறுபடியும் செகிஞ்சான்ல முழிச்சிருப்ப."

தீபாவளிக்கு முதல் நாள். காலையிலிருந்தே அடுப்பை அணைக்கவில்லை. ஆட்டுக்கறி, முறுக்கு, நெய்யுருண்டை, இட்லி. நம் ஊரில் படையலுக்குக் கறி கூடாது என்று தகராறு வரும். அங்கே செத்தவர்க்கு எது பிடிக்குமோ அதுதான் சட்டம். அண்ணனின் அப்பாவுக்குக் கறுப்புப் பீர் ஒரு புட்டி, மூடி திறந்து. அப்பத்தாவுக்கு வெற்றிலையும் கோப்பியும். சாமி மேடைக்குக் கீழே இரண்டு இலைகள் விழுந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி மூன்றாவது இலையை எடுத்துக் கழுவிவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

"எங்க போடறது?"

அண்ணன் வாங்கிக்கொண்டார். சாமி மேடைப் பக்கம் போகவில்லை. எதிர்ச்சுவர் ஓரமாக, தனியாகப் போட்டார். ஏதோ சொல்லப் போன என் கையைத் துர்கா பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு என்ன புடிக்கும்?" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல்.

"தெரியலண்ணே. எதக் குடுத்தாலும் தின்னுட்டு எந்திரிச்சுருவாரு."

அண்ணி சோறு வைத்தார், நிறைய. கறி வைத்தார். அண்ணன் சூடம் காட்டினார். முதலில் அப்பத்தாவுக்கு, பிறகு அப்பாவுக்கு. எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். கடைசியாகத் தட்டோடு எதிர்ச்சுவருக்கு வந்தார். சூடம் எரிந்து முடியும் வரை நின்றார். கும்பிடவில்லை. இலையைப் பார்த்து, லோரியில் ஏறுகிற ஆளிடம் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"வந்துட்டீங்கல்ல? ஒக்காந்து சாப்புடுங்க. அப்பத்தா கூப்புட்டா மட்டும் அந்தப் பக்கம் போங்க. கூப்புடலன்னா, சாப்ட்டுட்டு அப்படியே கெளம்பிருங்க."

படைத்தவுடன் வீட்டில் இருப்பவர்கள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் வாசலில் நிற்பார்கள். நாங்களும் நின்றோம். மழை விட்டிருந்தது. பக்கத்தில் பிலோமினா வீட்டு வாசலில் கேக் வாசம். உள்ளே சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வழக்கமான நேரம் ஆனதும் அண்ணி கதவில் கை வைத்தார். "தொறக்கவா? புள்ளைக்குப் பசிக்குது."

அண்ணன் கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"இரு லா. இன்னிக்கிக் கொஞ்சம் கூட நேரம் ஆவட்டும்."